வலை உடையில் ஓட்டை இல்லை, ஆனால் கை வீங்கியிருக்கிறது: உடை பழுதா?

உடையில் பழுதில்லை. சுறாக் கடியைத் தாங்க, முக்குளிப்பவர்கள் போடும் ஸ்டீல் வளைய வலை உடையைத்தான் கேட்கிறீர்கள். பஹாமாஸில் ரீஃப் சுறாவுக்கு (பவளப்பாறைச் சுறா) இரை கொடுக்கும்போது முன்கையைக் கவ்வியது, வளையம் ஒன்றுகூட அறவில்லை, கை மட்டும் கருத்து வீங்கியது என்கிறீர்கள். ஸ்டீல் வலை பல் இறங்காமல் தடுக்கும். தாடையின் அழுத்தம் அப்படியே சதைக்குப் போகும். 1980 வாக்கில் ஆஸ்திரேலிய முக்குளிப்பாளர் வாலரி டெய்லர் இப்படி ஒரு உடையைப் போட்டுக்கொண்டு நீலச் சுறாவைக் கடிக்க விட்டார். அதுவும் நடுத்தர அளவுச் சுறாதான்.

உடையின் கைப்பகுதி தொளதொளவென்று இருந்திருக்கலாம். தளர்ந்த வலையில் பல் மாட்டினால் சுறா விடுவித்துக்கொள்ள உதறும், அடி கூடும்.

உடையைப் போட்டு, கையை மடக்கி, முழங்கைக்குக் கீழே கிள்ளிப் பாருங்கள். விரல்களுக்குள் கொத்தாக வலை வந்தால் தளர்வு, பட்டையால் இறுக்குங்கள். மணிக்கட்டில் வாய் திறந்த வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், உடையே பல கிலோ. நீரில் அமிழ இடுப்பில் கட்டும் ஈய எடையைக் குறைத்தீர்கள்தானே?

புலிச்சுறா, வெள்ளைச் சுறா என்றால் இதை நம்பி இறங்காதீர்கள். வலை கிழியாவிட்டாலும் எலும்பு நொறுங்கலாம்.

விரல் மரத்தாலோ, நீட்டினால் வலி தாங்க முடியாவிட்டாலோ, உடையை விடுங்கள், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.