ஊசி குத்தினால் பரவுமா?

கேள்வி: அப்பாவுக்குக் கண்ணுக்குள் மெலனோமா என்ற புற்றுநோய்க் கட்டி. ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டதாம், பிறகு எதற்கு பயாப்சி? ஊசி குத்தினால் பரவாதா?
– வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: கட்டி இன்னதென்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் பயாப்சி (கட்டியிலிருந்து செல் எடுத்துச் சோதிப்பது) தேவையில்லைதான். இந்த ஊசி, கல்லீரலுக்குப் பரவும் அபாயத்தை அறிய. கட்டியின் செல்லில், ஜோடியாக இருக்க வேண்டிய 3-ஆம் குரோமோசோமில் (மரபணுக்களைத் தாங்கும் இழை) ஒன்று குறைந்திருந்தால் அபாயம் அதிகம். அப்படியானால் கல்லீரல் ஸ்கேனை அடிக்கடி எடுப்பார்கள்.

பின்பக்கக் கட்டியென்றால், கருவிழி ஓரத்திலிருந்து 3.5–4 மி.மீ. தள்ளி 25 அல்லது 27 கேஜ் (மிக மெல்லிய) ஊசியை நுழைத்து, கண்ணின் ஜெல் வழியாகப் போய் உறிஞ்சுவார்கள். முன்பக்கக் கட்டிக்கு வெள்ளைவிழிச் சுவர் வழியே. ஊசி போன தடத்தில் செல் சிந்திப் பரவுவது மிக மிக அரிது. உள்ளே ரத்தம் கசிவதுதான் வழக்கமான தொல்லை. பெரும்பாலும் தானே கரையும். மெல்லிய கட்டியில் செல் போதாமல் போகலாம். கதிர்வீச்சுத் தகடு (கட்டியை அழிக்கக் கண்சுவரில் வைக்கும் சிறு தகடு) வைப்பதானால், அதே ஆபரேஷனில், தகட்டைப் பொருத்துமுன் செல்லை எடுக்கலாம். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.