ஜிராவை ஏஐயோடு இணைக்க எம்.சி.பி சர்வர் போடலாமா? ஐடி ஆள் இல்லாத சின்ன கம்பெனிக்கு அது ஒத்துவருமா?

போடலாம். ஜிரா என்பது ஒவ்வொரு வேலையையும் ஒரு டிக்கெட்டாகப் பதிந்து கண்காணிக்கும் சாஃப்ட்வேர், எம்.சி.பி சர்வர் அதற்கும் ஏஐக்கும் நடுவில் நிற்கும் பாலம். இணைப்பது இப்போது பெரிய வித்தை இல்லை. ஆனால் கேள்விக்குக் கீழே "எங்கள் ஆட்கள் ஜிராவில் ஒழுங்காக எழுதுவதில்லை, அதனால்தான் ஏஐ வைக்கலாம் என்று பார்க்கிறோம்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்களும் பத்து இருபது பேர் உள்ள கம்பெனி, பாஸ் ஏதோ செமினாருக்குப் போய் இதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார், வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் புரோகிராமர் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், செம்பனை எண்ணெய் மில்களுக்குப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறேன். (எங்கள் ஊர் பேரைச் சொன்னால் வெளியாட்களுக்கு 1948-இல் கம்யூனிஸ்டுகள் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர்களைச் சுட்டதும், அமைச்சராக இருந்த துன் சம்பந்தனும்தான் ஞாபகம் வரும். ஜிரா வராது.) பாய்லர், குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசர், எண்ணெய் பிழியும் ஸ்குரூ பிரஸ், எது நின்றாலும் எங்களுக்குத்தான் போன். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை விழும், ஆகவே மில்காரர்களிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் ஜிராவில் ஒரு டிக்கெட் போடுகிறோம். எக்செல் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதவில்லை, மூன்று பேர் ஒரே ஃபைலைத் திறந்து சண்டை போட்ட கதையெல்லாம் முடிந்துதான் இங்கே வந்தோம்.

இந்த எம்.சி.பி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பெனி வெளியிட்ட ஒரு திறந்த நெறிமுறை. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியைச் செய்யும் ஓபன்ஏஐயும் ஏற்றுக்கொண்டது, அப்புறம் ஜிரா, அதே மாதிரி சாஃப்ட்வேர்களான லீனியர், ஆசானா எல்லாரும் தங்கள் பக்கத்துக்குச் சொந்தமாக சர்வர் வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஏஐக்கும் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனித்தனியாக இணைப்பு எழுத வேண்டியிருந்தது. இப்போது நடுவில் இருக்கும் சர்வர் ஏஐயிடம் ஒரு கருவிப் பட்டியலை நீட்டுகிறது: டிக்கெட் தேடு, புதிதாகப் போடு, கருத்து எழுது, நிலையை மாற்று. நீங்கள் கேள்வி கேட்டால் ஏஐ அதில் ஒன்றை எடுத்துக் கோரிக்கை அனுப்பும், சர்வர் ஜிராவிடம் வாங்கிக் கொடுக்கும். அவ்வளவுதான். பலர் நினைப்பதுபோல் அது உங்கள் ஜிரா முழுவதையும் படித்து மண்டையில் ஏற்றிக்கொள்வதில்லை. ஒரு தேடல் வரி எழுதுகிறது, அந்த வரிக்குச் சிக்குவதை மட்டும் பார்க்கிறது. இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், எங்கள் கதையே இதில்தான்.

பாஸ் கோலாலம்பூரிலிருந்து ஒரு கன்சல்டன்டை வரவழைத்தார். வந்தவர் என்னைப் பார்த்து, "மேடம், ஒரு காப்பி கிடைக்குமா?" என்றார். கொடுத்தேன், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அப்புறம் அட்மின் கணக்கு வேண்டும் என்றார். எதற்கு அட்மின் என்று கேட்டேன், அப்போதுதான் எல்லாம் தெரியுமாம். சரி என்று பாஸே லாகின் செய்து கொடுத்தார், எனக்குப் பிடிக்கவில்லை. இணைப்பு கொடுத்ததும் அவர் ஏஐயிடம் கேட்ட முதல் கேள்வி, "கெடு தாண்டிய வேலைகள் என்னென்ன?" நொடியில் பதில்: கெடு தாண்டிய வேலை எதுவும் இல்லை. பாஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளைக்கு எஸ்.பி.எம் பரீட்சையில் எல்லாம் ஏ வந்ததுபோல் சிரிக்கிறார்.

கோலகங்சார் பக்கம் ஒரு மில்லில் பிரஸ் கியர்பாக்ஸ் பேரிங்குக்காகக் காத்துக் கிடப்பது எனக்குத் தெரியும். அந்த மேனேஜரிடம் காலையில் திட்டு வாங்கிக்கொண்டுதான் ஆபீஸில் வந்து உட்கார்ந்திருந்தேன். ஏஐ என்ன தேடியது என்று காட்டுங்கள் என்றேன். அதைத் திறந்து பார்க்க முடியும், அந்தக் கருவி அழைப்பைச் சொடுக்கினாலே வரி தெரியும், ஆனால் டெமோவில் யாரும் திறப்பதில்லை. தேடல் சரியாகத்தான் இருந்தது: முடியாத டிக்கெட்டுகளில், டியூ டேட் (கெடு தேதி) இன்றைக்கு முந்தியதாக உள்ளவை. எங்கள் பையன்கள் டியூ டேட் கட்டத்தை நிரப்பியதே கிடையாது. காலியாக உள்ள டிக்கெட் ஜிராவின் கணக்கில் தாமதமும் இல்லை, நேரத்தில் முடிந்ததும் இல்லை, தேடலில் வரவே வராது. அந்தக் காலத்துத் தோட்டத்தில் கிராணி (கணக்கர்) செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேரைப் போடாமல் விட்டால், வெயிலில் நின்று ரப்பர் பால் வெட்டினவருக்கும் அன்றைக்குப் பேர் இல்லை. அந்த மாதிரிதான்.

இதைச் சொன்னதும் கன்சல்டன்ட், "அது உங்க டேட்டா பிரச்சினை மேடம், ஏஐ பிரச்சினை இல்லை" என்றார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்காமல் இருந்திருந்தால் "தாமதம் இல்லை" என்பதைப் பெரிய எழுத்தில் அறிக்கையாகப் போட்டு அனுப்பியிருப்பார், அதை பாஸ் மில்காரருக்கும் காட்டியிருப்பார்.

ஐடி ஆட்கள் இதைப் படித்துவிட்டு "எங்கள் தொழிலைக் குறை சொல்கிறாள்" என்று கிளம்ப வேண்டாம். எங்களுக்கு இதை ஒழுங்காகச் செய்து கொடுத்ததும் ஓர் ஐடி பையன்தான், எங்கள் தோட்டத்துப் பிள்ளை. கம்ப்யூட்டரை அவன் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் அறை இருந்தது, அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினார், அதோடு பூட்டினார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். நான் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டதற்கு, பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம், அதனால் பூட்டி வைத்திருக்கிறார்களாம். உடையாமலே அத்தனையும் பழசாகிப் போனது. அவன் தன் அம்மாவின் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் படித்தான், இப்போது பினாங்கில் வேலை, சனிக்கிழமை ஊருக்கு வரும்போது எங்களுக்கு உதவுகிறான். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் "டவுன்ல இதெல்லாம் செய்ய ஆள் ஏது?" என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த அறைதான் ஞாபகம் வரும்.

சரி, அவன் என்ன செய்தான் என்றால், முதலில் டியூ டேட் இல்லாமல் டிக்கெட் சேமிக்க முடியாதபடி கட்டாயக் கட்டமாக்கினான். பையன்கள் இரண்டு வாரம் முறைத்தார்கள். ஏஐக்கென்று ஜிராவில் தனியாக ஒரு பயனர் கணக்கு போட்டு, அதற்கு டிக்கெட்டைப் பார்க்கவும் கருத்து எழுதவும் மட்டும் அனுமதி கொடுத்தான். எம்.சி.பி வழியாக வருகிற ஏஐ, லாகின் செய்த கணக்குக்கு உள்ள அனுமதியோடுதான் வேலை செய்யும், அட்மினாக உள்ளே விட்டால் அட்மின் செய்யக்கூடியதைத்தான் அதுவும் செய்யும். ஒரு விஷயம், ஜிரா இலவசத் திட்டத்தில் 10 பேருக்கு மேல் இடமில்லை, அனுமதிகளை இப்படி மாற்றி அமைக்கவும் விடாது. ஆக காசு கட்டும் திட்டம் வேண்டும், அந்த ஏஐ கணக்குக்கும் சேர்த்து. "ஆளே இல்லாத கணக்குக்கு ஏன் வெள்ளி (ரிங்கிட்) கட்டணும்?" என்று பாஸ் முணுமுணுத்தார், கட்டினார்.

கருத்து எழுதுவதற்குமே ஏஐ ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பையன்கள் வாட்சப்பில் தமிழும் மலாயும் கலந்து குரல்பதிவு அனுப்புவார்கள், அதை எழுத்தாக்கி ஏஐயிடம் கொடுத்தால் எந்த டிக்கெட்டுக்கு எந்தக் குறிப்பு என்று எழுதிக் காட்டும். பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு பையன் "அக்கா, போன தடவை பார்த்த அதே பிரஸ் லா" என்று சொன்னால், ஏஐக்கு எது அந்த பிரஸ் என்று தெரியாது. கடைசியாக டிக்கெட் போட்ட பிரஸ்ஸை எடுத்துக்கொண்டு, கொஞ்சமும் தயங்காமல் எழுதிவிடும். நான் பார்த்துத் தடுக்காவிட்டால் நல்ல பிரஸ்ஸைக் கழற்ற ஆள் போய் நிற்பார்கள்.

பாதுகாப்பு என்றால் பயமுறுத்துகிறேன் என்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் சர்வர் போட்டால் ஏபிஐ டோக்கன் (ஜிராவுக்குள் நுழைய உதவும் ரகசியச் சாவி) ஒரு சாதாரண ஃபைலில் அப்படியே கிடக்கும், அந்த லேப்டாப்பை யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று பாருங்கள். வாடிக்கையாளர் ஈமெயில் போட்டால் தானாக டிக்கெட் ஆகிறது என்றால், அந்த ஈமெயிலில் யாரோ ஏஐக்குக் கட்டளை மாதிரி எழுதி அனுப்ப முடியும், அதை ஏஐ நீங்கள் சொன்னதாக எடுத்துக்கொண்டு செய்துவிடலாம். எழுதும் அனுமதியை நாங்கள் குறைத்ததற்கு இதுவும் காரணம். 2025 ஜூனில் ஆசானாவின் எம்.சி.பி சர்வரில் ஒரு பிழையால் ஒரு நிறுவனத்தின் தகவல் வேறு நிறுவனத்தாருக்குத் தெரிய வாய்ப்பு இருந்தது, சேவையை நிறுத்திச் சரி செய்துவிட்டுத்தான் மறுபடி திறந்தார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே.

நீங்கள் காசு செலவழிக்கும் முன், ஏஐ எதுவும் இல்லாமல் இப்போதே ஜிராவைத் திறந்து, முடியாத டிக்கெட்டுகளில் டியூ டேட் காலியாக உள்ளவை, பொறுப்பாளர் பேர் இல்லாதவை இரண்டையும் தேடிப் பாருங்கள். பாதிக்கு மேல் வந்தால் சர்வரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்தப் பட்டியலை பாஸிடம் காட்டுங்கள். மாதக் கடைசியில் மட்டும் காட்ட வேண்டாம், அவர் சம்பளக் கணக்கில் இருப்பார், கத்துவார்.