டிசம்பரில் வங்கிக்கு மூன்று இலட்சம், வருடம் முழுக்க அடகுக்கு வட்டி

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் அரச பாடசாலையில் கணித ஆசிரியராக இருக்கிறேன். வயது 44. அட்டனுக்கு அருகே வீடு கட்ட 2021இல் 15 வருட வீட்டுக் கடன் எடுத்தேன். இன்னும் 11 வருடம் இருக்கிறது, முதல் தொகையில் 32 இலட்சம் மீதி. இப்போது வட்டி 11 வீதம், மாதத் தவணை 41,900 ரூபாய். அது சம்பளத்தில் போய்விடும். என் பின்னேர வகுப்பாலும் மனைவியின் தையலாலும் மாதம் சராசரி 45,000 மேலதிகமாக வருகிறது. அதில் 18,500 தம்பியின் ஆட்டோ லீசிங்குக்குப் போகிறது. அதற்குப் பிணை நான்தான், இன்னும் 30 மாதம் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் வீட்டுக் கடனுக்கு 3 இலட்சம் கூடுதலாகக் கட்டுவது என்று வைராக்கியம். போன இரண்டு தடவையும் காசு போதாமல் மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டினோம். போன டிசம்பரில் கையிலிருந்தது 120,000, மீதி 180,000க்கு நகை வைத்தோம். தம்பியின் ஆட்டோவுக்கு டயர், தம்பி மகளின் சடங்கு, தோட்டத்துத் திருவிழா வரி, இன்னொரு உறவுக்குக் கைமாற்று என்று மற்றக் காசு போய்விட்டது. அடகில் இப்போது 420,000 நிற்கிறது, வட்டி 16 வீதம். அவசரத்துக்கென்று ஒரு இலட்சம் தனியாக இருக்கிறது. மச்சான் ஒருவர், "வங்கிக்கு ஏன் கட்டுகிறாய், ஒரு ஆப் இருக்கிறது, மாதம் 5 வீதம் தருகிறது" என்கிறார். 50 வயதுக்குள் கடனை முடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இப்போது செய்கிற மாதிரியே செய்தால் முடியாது. வீட்டை மீட்பதற்கு முன் உங்கள் மனைவியின் நகை கைவிட்டுப் போய்விடுமோ என்றுதான் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயமாக இருந்தது.

மேலதிகமாகக் கட்டினால் வட்டி எப்படிக் குறையும் என்று ஒரு கணித ஆசிரியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேரே அடகுக்கு வருகிறேன். 16 வீதத்தில் வாங்கி 11 வீதக் கடனைக் குறைத்திருக்கிறீர்கள். 420,000க்கு அடகு வட்டி வருடம் 67,200. அதே தொகை வீட்டுக் கடனில் மிச்சப்படுத்துவது ஏறக்குறைய 46,200. வருடம் 21,000 ரூபாய், அதாவது பாதித் தவணை, வீணாகப் போகிறது. டிசம்பரில் வங்கிச் சிட்டையைப் பார்க்கும்போது கடனின் முதல் தொகை இறங்கியிருக்கும், மனதுக்கு நிறைவாகவும் இருக்கும். அடகுச் சீட்டோ அலுமாரிக்குள் இருப்பதால் அதன் வட்டி கண்ணில் படாது. வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே போனால் நகை திரும்பவே திரும்பாது. தங்க விலை ஏறியிருப்பதால், அதே நகைக்கு இன்னும் கூடத் தருகிறோம் என்று சொல்வார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

அடகுக்குப் போகும் நிலை ஏன் வந்தது? லீசிங் போக மாதம் 26,500 மிஞ்ச வேண்டும். வருடத்துக்கு 318,000. அதாவது நீங்கள் நினைத்த 3 இலட்சம் அடகு இல்லாமலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் போன டிசம்பரில் கையிலிருந்தது 120,000 என்றும், 180,000க்கு நகை வைத்தோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் இரண்டு இலட்சம் எங்கே போனது என்பதையும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: தம்பியின் ஆட்டோவுக்கு டயர், தம்பி மகளின் சடங்கு, தோட்டத்துத் திருவிழா வரி, இன்னொரு உறவுக்குக் கைமாற்று. ஒன்றும் கெட்ட செலவில்லை. ஆனால் பன்னிரண்டு மாதம் சேமிப்புக் கணக்கில் கிடக்கிற காசு உறவுக்காரர் எல்லோருக்கும் தெரிந்த காசு. "டிசம்பருக்குத்தானே, அதற்குள் தந்துவிடுகிறேன்" என்று கேட்பவரிடம் உங்களால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. டிசம்பர் வரைக்கும் சேர்த்து வைக்கிற இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். காசு வந்த வாரமே கட்டிவிடுங்கள். பிறகு யாராவது கேட்டால், கையில் இல்லை என்பது உண்மையாகவே இருக்கும்.

அப்புறம் தம்பி. தவணையை நாளைக்கே நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். பிணைக் கையெழுத்து உங்களுடையது; தவணை தவறினால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், அதுதான் நாம் கிரிப் என்கிறோமே, உங்கள் பெயரும் சேர்ந்து கெடும். நாளைக்கு உங்களுக்கே கடன் தேவைப்படும்போது அது குறுக்கே நிற்கும். ஆனால் முழுத் தவணையையும் அண்ணன் கட்டுகிறபோது, ஓட்டத்தில் வருகிற காசை ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியமே தம்பிக்கு இல்லை. நாளுக்கு 300 ரூபாய் தனியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். மாதம் 9,000, தவணையில் ஏறக்குறைய பாதி. டயருக்கும் திருத்த வேலைக்கும் இனி அவரே பொறுப்பு. அதுவும் முடியாது என்றால் அந்த ஆட்டோ பிழைப்புக்குப் போதவில்லை என்றுதான் அர்த்தம். அப்போது அதை விற்று லீசிங்கைத் தீர்ப்பது பற்றிப் பேச வேண்டியதுதான். லீசிங் கம்பனியில் இன்றைய தீர்வுத் தொகையை எழுத்தில் வாங்கி, சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கசப்பான பேச்சுத்தான். உங்கள் அம்மாவை நடுவில் வைத்துப் பேசாதீர்கள், அண்ணன் தம்பி இருவரும் தனியாகப் பேசுங்கள்.

சரி, கணக்கு. தம்பி 9,000 தந்தால் உங்களிடம் மிஞ்சுவது 35,500. முதலில் முழுவதும் அடகுக்கு. வீட்டுக் கடனுக்கு வழக்கமான தவணை மட்டும் போகட்டும், கூடுதலாக ஒரு சதமும் வேண்டாம். சுமார் 13 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். சீட்டு இரண்டு என்றால் சிறிய சீட்டை முதலில் மீட்டுவிடுங்கள். வட்டி இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் ஒரு சங்கிலியாவது சீக்கிரம் கைக்கு வருவது உங்கள் மனைவிக்குத் தெம்பு. அந்த நேரம் வீட்டுக் கடனின் முதல் தொகை 30 இலட்சத்துச் சொச்சமாக இருக்கும். அதன்பின் 41,900உடன் 35,500 சேர்த்து மாதம் 77,400 கட்டினால் இன்னும் 49 மாதம். மொத்தம் ஐந்து வருடமும் ஓரிரு மாதமும். உங்களுக்கு 50 ஆவதற்குள் முடிகிறது. தம்பி ஒன்றும் தராமல் 26,500 மட்டும் என்றால் அடகுக்கு 18 மாதம், வீட்டுக்கு 55 மாதம், மொத்தம் ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் கூட. லீசிங் முடிந்த பிறகு மிஞ்சப்போகும் காசை இரண்டு கணக்கிலும் நான் சேர்க்கவில்லை. கூடுதலாக எதுவுமே கட்டாமல் 11 வருடமும் ஓட்டினால் இனிக் கட்டவேண்டிய வட்டி மட்டும் 23 இலட்சம்.

வங்கியில் ஒரு விஷயம் கவனம். கடன் கணக்கில் சும்மா கூடுதல் காசு போட்டால், சில இடங்களில் அதை அடுத்த மாதத் தவணைக்கான முற்பணமாக வைத்துக்கொள்வார்கள், முதல் தொகை குறையாது. "இந்தக் காசைக் கடனின் முதல் தொகையில் கழிக்கவும், தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று கடிதமாகக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா, மாதாமாதம் ஏற்பார்களா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சேர்த்துக் கட்டலாம். அதுவரை காசு மனைவியின் பெயரில், ஏடிஎம் அட்டை இல்லாத கணக்கில் இருக்கட்டும்.

மச்சானின் ஆப் பற்றி. மாதம் 5 வீதம் என்றால் கூட்டு வட்டியில் வருடம் 80 வீதத்துக்கு அருகில் வரும். நிலையான வைப்புக்கு வங்கிகள் அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே தருகிற நாட்டில், அந்தக் காசு எங்கிருந்து வரும்? பின்னால் சேருகிறவர்களிடமிருந்துதான். இப்படியான பிரமிட் திட்டங்களை நடத்துவது இலங்கையின் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். பிடிபட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டும் வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பது நல்ல சான்றிதழ் ஆகாது, இன்னும் பிடிபடாமலும் இருக்கலாம். முதலில் கொஞ்சம் காசு திரும்பி வரும். அதைக் காட்டித்தான் பெரிய தொகை கேட்பார்கள். மச்சானே சேர்ந்திருந்தால் அவரையும் வெளியே வரச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் வட்டி சந்தையோடு ஏறி இறங்குகிற வகையா என்று கடிதத்தில் இல்லை. அப்படியானால் 2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்றியது. வட்டி தாழ்ந்திருக்கும் காலத்தில்தான் முதல் தொகையை வேகமாகக் குறைக்க முடியும். அவசரத்துக்கு வைத்திருக்கும் ஒரு இலட்சத்தை மட்டும் எந்தக் கடனுக்கும் தொடாதீர்கள். மண்சரிவில் பாதை அடைபட்டால் வகுப்பு நிற்கும், தையலும் நிற்கும், தவணை நிற்காது. வருடத் தொடக்கத்தில் பாடசாலைச் சீருடைத் துணி கொடுத்ததும் மனைவிக்கு ஓர்டர் குவியுமே, அந்த மாதங்களில் சராசரிக்கு மேல் வருவதை முழுதாக அடகுக்குக் கட்டுங்கள். அடகு வைத்த இடத்தில் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.