இதயச் செயலிழப்புக் கையேடு: முதல் வரியில் என்ன இருக்க வேண்டும்?

வணக்கம். இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாமல், உடலில் நீர் தேங்கும் நிலை) உள்ள நோயாளிகளுக்கு நான்கு பக்கக் கையேடு கொடுத்தும், கால் வீங்கி மூச்சுத் திணறிய பிறகுதான் திரும்பி வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது; நானும் அப்படி ஒரு கையேடு எழுதியவள்தான்.

உங்கள் முதல் பக்கம் முழுக்க இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதே. வீட்டுக்குப் போகிறவருக்கு அது அவசரமில்லை. "எப்போது உங்களைக் கூப்பிட வேண்டும்?" என்பதுதான் அவர் கேள்வி. பதிலை மேலே, பெரிய எழுத்தில் போடுங்கள்: தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள், 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அன்றே சொல்லுங்கள். பக்கத்திலேயே தொலைபேசி எண், எடையைக் குறிக்கக் கட்டங்கள். எடைக்கருவி இல்லாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் செருப்பு இறுகுவதும், படுக்கக் கூடுதல் தலையணை தேவைப்படுவதும் அடையாளங்கள். "சோடியம்" வேண்டாம், "உப்பு" என்றே எழுதுங்கள்.

அச்சுக்குப் போகும்முன் ஐந்தாறு நோயாளிகளிடம் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளைக் காலை எழுந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய வரி. வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவரையும் கூடவே உட்கார வையுங்கள்.