ஏர் ஃப்ரையரில் முழு உருளைக்கிழங்கு: தோல் கருகாமல் நடுப்பகுதியையும் வேகவைப்பது எப்படி?

ஏர் ஃப்ரையரில் முழு உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டால் மேல்தோல் கருகிவிடுகிறது, நடுப்பகுதி மட்டும் கடினமாகவே நின்றுவிடுகிறது, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வெப்பநிலையைக் கூட்டினால் இந்தக் குறை தீராது. பெரும்பாலும் இன்னும் மோசமாகும். தோலை மொறுமொறுப்பாக்குவதும் உட்பகுதியை உதிரும்படி வேகவைப்பதும் ஒரே கிழங்கில் நடக்கும் இரண்டு தனித்தனி வேலைகள். முதல் வேலையை ஏர் ஃப்ரையர் மிக விரைவாகச் செய்துவிடும். இரண்டாவது வேலை கிழங்கின் தடிமனைப் பொறுத்து அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டே தீரும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் முடியும்படி செய்வதுதான் இந்தச் சமையலின் நுணுக்கம் எல்லாம்.

இந்தக் கருவி அடிப்படையில் விசிறி பொருத்திய ஒரு சிறிய ஓவன். மேல்புறத்தில் சூடேறும் கம்பிச்சுருளும் அதையொட்டி ஒரு விசிறியும் இருக்கும். விசிறி சூடான காற்றைக் கூடைக்குள் வேகமாகச் சுழற்றுவதால், கிழங்கைச் சுற்றித் தேங்க வேண்டிய ஈரக்காற்று உடனுக்குடன் அகற்றப்பட்டுத் தோல் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது. உலர்ந்த தோலின் வெப்பநிலை 140 டிகிரி செல்சியஸை ஒட்டி உயரும்போது அதிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து, நமக்குப் பிடித்த பழுப்பு நிறத்தையும் சுட்ட மணத்தையும் தருகின்றன. உள்ளே நிலைமை வேறு. உருளைக்கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் இருக்கும் வரை உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. வெளியே காற்று 180 டிகிரியில் இருந்தாலும் 220 டிகிரியில் இருந்தாலும், வெப்பம் ஈரமான சதையின் வழியே மெல்ல மெல்லத்தான் நடுவுக்குப் போய்ச் சேர வேண்டும். சூட்டைக் கூட்டுவதால் அந்தப் பயணத்தில் மிச்சமாகும் நேரம் சொற்பம்; அதற்குள் தோல் கருகிவிடும்.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது கிழங்கின் அளவு. எடையைக் காட்டிலும் தடிமன்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு திண்மப் பொருளுக்குள் வெப்பம் நடுவரை செல்ல ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு (தடிமன் × தடிமன்) ஏற்ப உயரும் என்பது இயற்பியல். காற்று கிழங்குக்குக் கொடுக்கும் வெப்பத்துக்கும் ஒரு வரம்பு இருப்பதால் நடைமுறையில் முழுமையாக அந்த அளவுக்குக் கூடாது. இருந்தாலும் 5 செ.மீ. குறுக்களவுள்ள கிழங்குக்குப் பதிலாக 7 செ.மீ. உள்ளதை வைத்தால் நேரம் ஒன்றரை மடங்குக்கு மேலேயே போகும். இதனால்தான் உருண்டையான கிழங்கைவிட நீள்வாக்கில் உள்ளதை நான் தேர்ந்தெடுக்கிறேன். 200 முதல் 225 கிராம் எடையுள்ள நீண்ட கிழங்கு இதற்கு மிகப் பொருத்தமானது. பெரிய உருண்டைக் கிழங்குக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கூடையின் உயரம் குறைவு என்பதால் அதன் மேற்பகுதி கம்பிச்சுருளுக்கு மிக அருகில் வந்துவிடும். நீங்கள் சொல்லும் கருகல் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கும். ஒரே தடவையில் சுடும் கிழங்குகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருந்தால், ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றுக்காகக் காத்திருக்கும் அவசியமும் வராது.

அடுத்தது கிழங்கின் வகை. இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சுட்ட கிழங்கின் தரத்தில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. மாவுச்சத்து மிகுந்த கிழங்கு வெந்ததும் உதிர்ந்து பொலபொலவென்று வரும். மாவுச்சத்து குறைந்து ஈரம் மிகுந்த கிழங்கு வெந்த பிறகும் துண்டு குலையாமல் வழுவழுப்பாக நிற்கும். இரண்டாவது வகை குழம்புக்கும் சாலடுக்கும் ஏற்றது, சுடுவதற்கு ஏற்றதல்ல. வெந்துகொண்டிருக்கும்போது 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்து மணிகள் அருகிலுள்ள தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன; 80 டிகிரிக்கு மேல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரையத் தொடங்குகிறது. மாவுச்சத்து நிறைய இருந்தால் செல்கள் உப்பி உருண்டு ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துவிடுகின்றன. வாயில் படும் அந்த உலர்ந்த, இலேசான பதம் இப்படிப் பிரிந்த செல்களால் வருவது. ரஸ்ஸட், கிங் எட்வர்ட் போன்ற பெயர்களில் விற்கப்படுபவை இந்த வகையைச் சேர்ந்தவை.

வகையின் பெயர் தெரியாமல் வாங்கிய கிழங்கு என்றால் அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் முழுவதும் கரைத்து, கழுவிய கிழங்கை அதில் போடுங்கள். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு அடர்த்தி கூடியது என்பதால் அடியில் போய் உட்காரும். ஈரம் மிகுந்தது மிதக்கும். ஒரே பையில் வந்த கிழங்குகளில்கூடச் சில மூழ்கிச் சில மிதப்பதைப் பார்க்கலாம். மூழ்கியவற்றைச் சுடுவதற்கு எடுத்துக்கொண்டு, மிதப்பவற்றை வேறு சமையலுக்கு ஒதுக்கிவிடலாம்.

பச்சை நிறம் பாய்ந்த கிழங்கை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பச்சை நிறம் குளோரோஃபிலால் வருவது, அது தீங்கற்றது. ஆனால் வெளிச்சம் பட்ட கிழங்கில் அதோடு சேர்ந்து சொலனின் போன்ற கசப்பு நச்சுகளும் கூடுகின்றன. தோலிலும் அதையொட்டிய பகுதியிலும்தான் அவை மிகுதியாக இருக்கும், சாதாரணச் சமையல் சூட்டில் அழிவதும் இல்லை. நாமோ தோலோடு சாப்பிடப் போகிறோம். அதேபோல் கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து சுடுவதையும் தவிர்ப்பது நல்லது. மிகுந்த குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுவதால், சுடும்போது தோல் அளவுக்கு மீறிக் கறுக்கும்; ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-ஆம் ஆண்டில் உணவில் இருப்பதாக அறிவித்த, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் அக்ரிலமைடு என்னும் பொருளும் அந்தச் சர்க்கரையிலிருந்து கூடுதலாக உண்டாகும். உங்கள் கிழங்கு விரைவாகக் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். இருட்டான, காற்றோட்டமுள்ள, குளிர்ந்த இடம் போதும்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவி, முள்கரண்டியால் ஆறேழு இடங்களில் ஒரு செ.மீ. ஆழத்துக்குக் குத்திவிடுங்கள். குத்தாத கிழங்கு வெடிப்பது அபூர்வம் என்றாலும், வெடித்தால் அந்தச் சிறிய கூடையையும் கம்பிச்சுருளையும் சுத்தம் செய்வது பெரும்பாடு. பிறகு அரை கப் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து அதில் கிழங்கைப் புரட்டி எடுத்து, ஈரத்தோடு அப்படியே கூடையில் அடுக்குங்கள். தண்ணீர் ஆவியானதும் தோல் முழுவதும் மெல்லிய உப்புப் படலம் ஒரே சீராகப் படிந்துவிடும். கையால் தூவும் உப்பு இப்படி ஒட்டி நிற்பதில்லை. கிழங்குகளுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். காற்று சுற்றிவர முடியாத கூடையில் ஏர் ஃப்ரையரை வைத்திருப்பதற்கே பொருளில்லை.

எண்ணெயை முதலிலேயே தடவுங்கள் என்றுதான் பல குறிப்புகள் சொல்கின்றன. நான் அதற்கு உடன்படவில்லை. தொடக்கத்தில் தடவிய எண்ணெய் தோலிலிருந்து ஈரம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, முக்கால் மணி நேரச் சூட்டில் அந்த எண்ணெயின் மணமும் கெட்டுப்போகிறது. கிழங்கு முழுவதும் வெந்து தோல் காகிதம்போல் உலர்ந்த பிறகு எண்ணெய் தடவினால், கடைசிச் சில நிமிடங்களில் அந்த உலர்ந்த தோல் எண்ணெயில் பொரிந்து மொறுமொறுப்பாகிவிடும். கிழங்குக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் தாராளம். டப்பாவில் அடைத்து வரும் தெளிப்பு எண்ணெய் கூடையின் ஒட்டாப் பூச்சைக் கெடுக்கக்கூடும் என்பதால் தூரிகையாலோ விரலாலோ தடவுவதே மேல்.

கருவியை முன்கூட்டியே சூடாக்க வேண்டியதில்லை. இவ்வளவு நீண்ட சமையலில் அந்த ஓரிரு நிமிடங்கள் எதையும் மாற்றிவிடாது. 190 டிகிரியில் வைத்து, 20 நிமிடங்கள் ஆனதும் கிழங்குகளை ஒருமுறை புரட்டிவிடுங்கள். மேலிருந்து சூடு வரும் கருவியில் இந்தப் புரட்டல் மிக அவசியம். 200 கிராம் கிழங்கு 35 நிமிடங்களை ஒட்டி வெந்திருக்கும்; 300 கிராமுக்கு மேற்பட்டதற்கு 50 நிமிடங்கள்வரைகூட ஆகலாம். வெந்ததை உறுதி செய்த பிறகு எண்ணெய் தடவி, 200 டிகிரிக்கு உயர்த்தி, மேலும் ஏழெட்டு நிமிடங்கள் வையுங்கள்.

வெந்ததை எப்படி உறுதி செய்வது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. விரலால் அழுத்திப் பார்ப்பது வெளிப்புறத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். மெல்லிய கம்பி ஒன்றை மிகத் தடிமனான இடத்தில் நடுவரை செருகிப் பாருங்கள். வேகாத கிழங்கில் முதல் ஒன்றரை செ.மீ. எளிதாக இறங்கும், அதன் பிறகு கம்பி சட்டென்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பைக் கை உணரும்போது நடுவில் இன்னும் பச்சைச் சதை இருக்கிறது என்று அறியலாம். அந்த நிலையில் வெட்டிப் பார்த்தால் வெளிப்பகுதி வெண்மையாகவும் நடுப்பகுதி கண்ணாடித்தன்மையோடு சற்று மஞ்சளாகவும் தெரியும். சமையல் வெப்பமானி இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. நடுவில் 96 முதல் 99 டிகிரி காட்ட வேண்டும். 90 டிகிரியில்கூடச் சாப்பிடும் அளவுக்கு வெந்திருக்கும், ஆனால் உதிராமல் சற்று அழுத்தமாக இருக்கும். நிமிடக் கணக்கை நம்புவதைவிட இந்த எண்ணை நம்புவது நல்லது. ஒவ்வொரு கருவியின் சூடும் சற்று வேறுபடும், ஒவ்வொரு கிழங்கும் வேறு.

எடுத்தவுடனே கிழங்கை வெட்டித் திறந்துவிட வேண்டும். மேற்புறத்தில் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, ஒரு துணியால் இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கி அழுத்தினால் சதை பிளந்து மேலே எழும்பும், ஆவி குபுகுபுவென்று வெளியேறும். மூடியபடியே பத்து நிமிடங்கள் விட்டால் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகிச் சதையைப் பிசுபிசுப்பாக்கும், பாடுபட்டு மொறுமொறுப்பாக்கிய தோலையும் நனைத்துவிடும். சுடச்சுடப் பரிமாற முடியாத நேரத்தில் வெந்த கிழங்கைத் திறக்காமல் வைத்திருப்பதைவிட, திறந்துவைத்துப் பிறகு மீண்டும் சூடாக்குவதே சிறந்தது.

அலுமினியத் தாளில் சுற்றிச் சுடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தாளுக்குள் கிழங்கு தன் ஆவியிலேயே அவிகிறது. தோல் ஈரமாகவே இருக்கும். சரியாக இறுக்காத தாள் காற்றில் பறந்து கம்பிச்சுருளைத் தொடும் அபாயமும் உண்டு. இவற்றைவிட முக்கியமானது உடல்நலம். மண்ணில் வாழும் பொட்டுலினம் கிருமியின் விதைத்துகள்கள் கிழங்கின் தோலில் இருக்கக்கூடும். ஈரமாக அடைபட்ட இடத்தில் வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அந்தச் சூட்டில் அவை சாவதில்லை. தாளில் சுற்றியபடியே அறை வெப்பத்தில் விட்டுவிட்டால், காற்றுப் புகாத அந்த ஈரமான சூழலில் அவை முளைத்து நச்சை உண்டாக்க முடியும். 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள எல் பாசோவில், இப்படித் தாளோடு அறை வெப்பத்தில் வைக்கப்பட்டிருந்த சுட்ட உருளைக்கிழங்கால் 30 பேர் அந்த நச்சால் வரும் பொட்டுலிச நோய்க்கு ஆளானார்கள். தாளே இல்லாமல் சுட்டு, மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் இந்தக் கவலை வேண்டியதில்லை.

நேரமில்லாத நாளில் மைக்ரோவேவின் துணையை நாடலாம். குத்திய கிழங்கை அதில் நான்கைந்து நிமிடங்கள், நடுவில் ஒருமுறை புரட்டி, முக்கால் பதம் வேகவைத்துவிட்டு, ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடங்கள் வைத்தால் போதும். உட்பகுதி சற்று அழுத்தமாகவும் தோல் மெல்லியதாகவும் இருக்கும். சுட்ட மணமும் குறையும். இருபது நிமிடத்தில் கிடைப்பதற்கு அது நியாயமான பலன்தான்.

குளிர்பதனப் பெட்டியில் இருந்த சுட்ட கிழங்கை 175 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் வைத்தால் தோல் மறுபடியும் மொறுமொறுப்பாகும். ஆறியபோது இறுகிய மாவுச்சத்து முன்போல் முழுவதும் இளகாது என்பதால், பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி, சிறிது வெண்ணெய் தடவிச் சூடாக்குவது நல்லது.