பத்தாம் வகுப்பு மகனுக்கு மின்சாரமும் காந்தமும் மண்டையில் ஏறவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியில் கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இப்படியே போனால் ஒயர்மேன் வேலைக்குத்தான் போவான்." நான் ஐடிஐ முடித்து கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். அந்த வரிக்காகத்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன். கோபம் இல்லை, ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

உங்கள் பையன் அநேகமாக ஓம் விதியை மனப்பாடமாகச் சொல்வான், பிளெமிங் இடக்கை விதிக்கு விரலையும் சரியாக நீட்டுவான். எது எதைத் தள்ளுகிறது என்று கேட்டால் முழிப்பான். என் அக்கா மகளும் அப்படித்தான் இருந்தாள். மின்மோட்டார் படம் ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி அழகாகப் போடுவாள், முழு மதிப்பெண். அதில் காயிலோடு சேர்ந்து சுற்றுகிற, இரண்டாகப் பிளந்த வளையத்தைக் காட்டி, "இந்தப் பிளவு வளையம் எதுக்கு கண்ணு?" என்று கேட்டேன். காயில் என்றால் கம்பிச் சுருள். "படத்துல இருக்கு மாமா" என்றாள்.

சரி என்று கடையில் கிடந்த 24 கேஜ் வைண்டிங் வயரை எடுத்து, பெரிய டார்ச் செல் ஒன்றின் மேல் ஒரு பத்துச் சுற்று சுற்றி, சுருளை உருவி எடுக்கச் சொன்னேன். இரண்டு முனையையும் எதிரெதிராக நேராக நீட்டி, செல்லின் இரு பக்கமும் ஒட்டிய ஊக்குகளின் துளையில் மாட்டி, அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தம். கம்பிமேல் எனாமல் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டினால்தான் கரண்ட் போகும். அவள் உப்புத்தாளால் இரண்டு முனையையும் பளபளவென்று முழுசாகத் தேய்த்துவிட்டாள். காயில் ஒரு பக்கம் திரும்பியது, பின்னால் வந்தது, கொஞ்ச நேரம் ஆடி நின்றுவிட்டது. அதற்காகத்தான் நானும் வாயைத் திறக்காமல் இருந்தேன். பாதிச் சுற்று வரை முன்னால் தள்ளுகிற அதே விசை, அதைத் தாண்டியதும் பின்னால் இழுக்கிறது. வேறு காயில் சுற்றி, ஒரு முனையை முழுசாகவும் மறு முனையில், காயிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, கம்பியின் மேல்புறத்தை மட்டும் தேய்க்கச் சொன்னேன். இப்போது பின்னால் இழுக்க வேண்டிய நேரத்தில் கரண்ட் அறுந்துவிடும், போன வேகத்திலேயே காயில் தாண்டிவிடும். லேசாகத் தட்டிவிட்டதும் சர்ரென்று சுற்றியது. பிளவு வளையம் கரண்டை அறுப்பதோடு நிற்காமல் திசையையே மாற்றிவிடுகிறது. மிக்ஸியைப் பிரித்தால் கார்பன் உரசுகிற இடத்தில் இருக்கும் கம்யூட்டேட்டரும் அதே வேலையைத்தான் பார்க்கிறது. அதை அவளே சொன்னாள்.

பாடம் ஓம் விதியில் தொடங்கினால் தொடங்கட்டும், நீங்கள் ஒரு திசைகாட்டியில் தொடங்குங்கள். கம்பியில் கரண்ட் விட்டதும் பக்கத்திலிருந்த காந்த முள் திரும்பியதை 1820-ல் ஏர்ஸ்டெட் என்ற டென்மார்க் விஞ்ஞானி பார்த்தார். அதற்கு மறுபக்கம், காந்தத்தை அசைத்தால் கம்பியில் கரண்ட் வரும் என்று 1831-ல் ஃபாரடே என்ற இங்கிலாந்து விஞ்ஞானி காட்டினார். இந்த இரண்டும் பிடிபட்டால் மோட்டார், டைனமோ, டிரான்ஸ்பார்மர் மூன்றுக்கும் அடிப்படை வந்துவிடும். மின்னழுத்தத்துக்குத் தண்ணீர்த் தொட்டி உவமை சொல்வார்கள், தப்பில்லை, ஆனால் குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் ஒன்றும் கொட்டாது. பல்பு கரண்டைத் தின்றுவிடுகிறது என்றுதான் பாதிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உள்ளே போகிற அளவுதான் வெளியேயும் வருகிறது, செலவாவது ஆற்றல்.

உடனே ஒருவர் வந்து "காந்தப் புலக்கோடு எங்கே, காந்தப் பாயம் எங்கே" என்று பாடப்புத்தகச் சொற்களைக் கேட்பார். ஐயா, பையன் பத்தாவது. ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்றும் யாரும் கிளம்ப வேண்டாம், அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்னதான் செய்வார்கள்.

அப்புறம் இதையும் சொல்லிவிடுகிறேன். பம்ப்செட் எரிந்து கடைக்கு வருகிறவர்கள் "ரெண்டு கம்பியைச் சுத்துறதுக்கு இவ்வளவா" என்பார்கள். செம்பு விலை தெரியாது, ஒரு காயிலைத் திசை மாற்றி இணைத்தால் மோட்டார் உறுமிக்கொண்டே சூடாகும் என்பதும் தெரியாது. அவர்கள்தான் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் "படிக்கலைன்னா காயில் சுத்தத்தான் போகணும்" என்று மிரட்டுகிறவர்கள்.

எல்லாம் டார்ச் செல்லில் மட்டும். வீட்டு 230 வோல்ட் பக்கம் அவன் கை போகவே கூடாது. காயில் நின்றுவிட்டால் உடனே கழற்றச் சொல்லுங்கள், ஊக்கு சுடும். அது முடிந்ததும் பொம்மைக் கார் மோட்டார் ஒன்றை மல்டிமீட்டரில் மாட்டி, டிசி வோல்ட்டில் வைத்து, அச்சை விரலால் சுண்டச் சொல்லுங்கள். மீட்டரில் எண் ஓடும், எதிர்ப்பக்கம் சுண்டினால் மைனஸ் விழும்.