டோர்ஷன் பாரை முறுக்கினால் டயர் உரசாதா?

கேள்வி: என்னுடையது 2006 இசுசு டி-மேக்ஸ் ஃபோர் வீல் டபுள் கேப். 245/70ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 265/70ஆர்16 போட்டேன். ஸ்டியரிங்கை முழுக்க வெட்டினால் உரசுகிறது. டோர்ஷன் பாரை (முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி) முறுக்கி முன்பக்கத்தை உயர்த்தலாமா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: உயர்த்தலாம், ஆனால் உரசல் முழுதாகப் போகாது. புது டயரின் விட்டம் 28 மி.மீ. கூட, மட்காட் பக்கம் இடைவெளி குறைவது 14 மி.மீ.தான். குழியில் விழுந்து சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கினால், எவ்வளவு முறுக்கியிருந்தாலும் டயர் பழைய இடத்துக்குத்தான் வரும். டயர் ஓரத்தில் சாக்பீஸ் பூசி, ஸ்டியரிங்கை முழுக்க வெட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் லைனரில் வெள்ளை ஒட்டியிருந்தால் அந்தத் துண்டை அறுத்தெடுங்கள், வேலை முடிந்தது.

முறுக்கியே தீருவேன் என்றால், வீல் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை இரு பக்கமும் அளந்து குறியுங்கள். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, சேறு பிடித்த டோர்ஷன் பார் போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுத் திருப்புங்கள். இறக்கிக் கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு அளந்தால்தான் சரியான கணக்கு வரும். ஓர் அங்குலம் போதும். ‘இரண்டரை அங்குலம் தூக்கித் தாறன்’ என்கிற கராஜில் வண்டியை விடாதீர்கள். சக்கரம் கீழிறங்க இடமில்லாமல் இடிக்கும், ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறையான சிவி பூட் கிழியும். அன்றைக்கே அலைன்மென்ட் பாருங்கள். இனி ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது முன்பைவிட இரண்டு கி.மீ. வேகமாகப் போவீர்கள்.